அசலைக் கேட்காத நல்ல மனிதர்

பர்ஹானா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெறும் தறுவாயில் வங்கியின் அடகுப் பிரிவில் எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளை. இன்று பதுளையில் ஒரு வங்கிக் கிளைக்கே முகாமையாளர். கடன் அட்டை வாங்கியவர்களுக்கு அதன் உண்மையான செலவை விளங்கப்படுத்த ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். நான் வந்து பேச வேண்டுமாம். அட்டையைப் பற்றி எனக்கு என்னம்மா தெரியும் என்று கேட்டேன். அவள் ஓர் ஆசிரியரின் கதையைச் சொன்னாள். மனிதர் அட்டையைக் கொடுத்துக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருக்கிறார். கட்ட வேண்டிய ஆகக் குறைந்த தொகையை மட்டும் மாதா மாதம் தவறாமல் கட்டி வருகிறார். பெட்டி பழுதாகிப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கடன் மட்டும் பெரிதாய்க் குறையாமல் நிற்கிறது.

"எடுத்துச் சொன்னா, 'உங்கட பேங்க் என்னைத் தொந்தரவே பண்ணல்லையே மிஸ், நல்ல பேங்க்தானே'ன்டு கேக்கிறார் சேர்" என்றாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவர் அடகுக் கவுண்டரில் உட்கார்ந்தவரா? இதே பேச்சை எழுபதுகளில், அதே பதுளையில், எத்தனையோ பெண்களின் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். தொந்தரவு பண்ணாத கடன்காரன் நல்லவன் என்ற அந்த எண்ணத்தோடு சண்டை போட்டே என் வேலைக்காலம் போனது. கூட்டத்துக்கு வரமாட்டேன், மேடையில் ஏறினால் வந்தவர்களைத் திட்டிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். ஆகவே இது.

நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எஸ்.எஸ்.சி. தேறி, அறுபதுகளின் நடுவில் பதுளை நகரத்தில் ஒரு வங்கியில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். கைகட்டி நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் மகன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று, தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் ஒரு கணக்கப்பிள்ளை என் அப்பாவிடமே வந்து சொன்னாராம். முதல் சில வருடங்கள் தபால் பதிவதிலும் காசு கட்டுவதிலும் போயின. பிறகு வங்கியில் நகை அடகுப் பிரிவு திறந்தார்கள். தோட்டத்துப் பேச்சுத் தெரிந்தவன் என்று என்னை அங்கே போட்டார்கள்.

எங்கள் முகாமையாளர் சிவக்கொழுந்து யாழ்ப்பாணத்தவர். நகையை அவரேதான் சோதிப்பார். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் தொட்டு வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். தராசு முள் ஆடி ஓயும்வரை எவர் பேசினாலும் பதில் வராது. கல் வைத்த நகையென்றால் கல்லின் எடையைக் கழிப்பார். அதற்காக அவரைச் சபித்தவர்கள் பலர். பிறகு நகையைத் துணிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றுவார். அரக்குச் சற்று ஆறியதும் நகைக்கு உரியவர் தன் பெருவிரலை அதில் பதிக்க வேண்டும். சுடும் என்று பெண்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். "பயப்பிடாதேங்கோ, வையுங்கோ. உங்கடை விரலடையாளம் உடையாமல் இந்தப் பை திறபடாது" என்பார். எனக்கு அது வீண் சடங்காகத் தெரியும். வரிசை வாசல்வரை நிற்கும்போது இவர் அரக்கு ஆற ஊதிக்கொண்டிருப்பார்.

அரக்கு முடிந்ததும் நிபந்தனை வாசிப்பு. வருடாந்த வட்டி வீதம், மீட்புக் காலம், பகிரங்க ஏலம் என்று அச்சடித்த தமிழை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். பெண்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு விளங்கிய ஒரே சொல் ஏலம். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறும். எழுந்து போனவர்களும் உண்டு.

எழுந்து போனவர்கள் போன இடம் பசாரில் இருந்தது. எல்லாரும் முதலாளி என்றே அழைத்த ஒருவரின் துணிக்கடை. பெயரை எழுத எனக்குப் பயமில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யாதவர்கள், அதனால் விடுகிறேன். பதுளையில் ஒரு கடை, அப்புத்தளையில் ஒரு கடை. முன்பக்கம் சேலை வியாபாரம், பின்பக்கம் அடகு. அடகு பிடிக்க உரிமப்பத்திரம் கிடையாது. நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. எங்கள் வங்கியில் அதே நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய்கூட வராது. ஆனாலும் சனம் அங்கேதான் போனது. ஏன் என்றால் அவரிடம் ஏலம் இல்லை, தவணை இல்லை, நிபந்தனை வாசிப்பு இல்லை. சம்பளத்துக்கு மறுநாள் வட்டியைக் கட்டினால் போதும். அசலை அவர் கேட்கவே மாட்டார். வட்டி தவறாதவர்களுக்குத் தீபாவளிக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுப்பார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

இன்னொரு பெருமையும் அவருக்கு இருந்தது. வீட்டில் கலியாணம், திருவிழா என்றால் அடகில் கிடக்கும் உங்கள் நகையையே உங்களுக்கு இரண்டு நாளைக்கு இரவல் தருவார். அதற்குத் தனியாகக் காசு. தன் சொந்த நகைக்கு வட்டியும் கட்டி வாடகையும் கட்டிவிட்டு, "மொதலாளி புண்ணியத்துல சபையில மானம் நின்னுச்சு" என்று கும்பிட்டுவிட்டு வந்த சனம் அது. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

சதவீதத்தில் பேசிப் பயனில்லை என்று எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். அரைப் பேர் விழுந்த அன்று ஒரு பெண் கணக்கப்பிள்ளையோடு போடும் சண்டையைப் பார்த்தவனுக்குத் தெரியும், அந்தக் கணக்கில் அவளை ஏமாற்ற ஒருவராலும் முடியாது. எனவே நான் வட்டியைப் பேராக மாற்றிச் சொல்லத் தொடங்கினேன். நாட்சம்பளம் மூன்று ரூபாயளவில் இருந்த காலம். நூற்றைம்பது ரூபாய் கடன் என்றால் மாதம் பதினைந்து ரூபாய் வட்டி. அப்படியென்றால் மாதத்தில் ஐந்து பேர் நீங்கள் முதலாளிக்கு மலை ஏறுகிறீர்கள், அந்த ஐந்து நாளும் மழையில் நனைந்து பறிக்கும் கொழுந்து உங்கள் வீட்டுக்கு இல்லை என்பேன். கேட்ட பெண்கள் விரலை மடித்து எண்ணிப் பார்ப்பார்கள். சிலர் அடுத்த மாதமே நகையை மீட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

சிவக்கொழுந்துக்கு அது பிடிக்கவில்லை. "தம்பி, இது வங்கி. உம்மடை தோட்டத்திலை ஆள் கூட்டிப் பேர் போடுற பெரட்டுக் களம் இல்லை. வட்டி வீதத்தை வாசியும், அது காணும்" என்றார். வாசிக்கிறது அவர்களுக்கு விளங்கவில்லையே ஐயா என்றேன். விளங்கப்படுத்தச் சொல்லிச் சுற்றுநிருபம் வரவில்லை என்று சொல்லிவிட்டு அரக்கை ஊதப் போய்விட்டார். அன்றைக்கு அவர் மேலிருந்த ஆத்திரத்தில் மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஆனால் என் பேர்க் கணக்குக்கு மசியாதவர்களில் முதல் ஆள் என் லயத்து ஆளே. பேச்சியக்கா எங்களுக்கு அடுத்த காம்பிரா அறையில் இருந்தவர். அம்மா மலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு போட்ட கை. அவருடைய தாயார் இந்தியாவிலிருந்து வரும்போது கழுத்தில் போட்டு வந்த அட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. நடுவில் ஒரு சிவப்புக் கல் விழுந்து, அந்தக் குழியில் அரக்கு வைத்து அடைத்திருக்கும். புருசன் நோயில் விழுந்தபோது அதை முதலாளியிடம் நூற்றைம்பது ரூபாய்க்கு வைத்தார். புருசன் போய்ச் சேர்ந்தார். அட்டியல் வருடக் கணக்கில் அங்கேயே கிடந்தது. நான் பேர் கணக்குப் போட்டுக் காட்டினேன். அக்கா சிரித்தார்.

"ஒங்க பேங்குல வருசம் திரும்புனா கடுதாசி வரும், அப்புறம் ஏலம். மொதலாளி இத்தன காலத்துல ஒரு தரமாச்சும் அசலக் கேட்டிருப்பாரா? நல்ல மனுசன் தம்பி."

"அசலக் கேட்டா நீங்க குடுத்துப் போட்டுப் போயிருவீங்களே, அதுக்குத்தான் அக்கா கேக்கல."

"படிச்சவங்க எல்லாத்துலயும் குத்தம் பாப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபது முப்பது வருடப் பழக்கம், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

மகள் கமலத்தின் கலியாணத்துக்கு அந்த அட்டியலை அக்கா முதலாளியிடம் இரவல் வாங்கினார். கமலம் அதைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தாள். கடை திறக்கும் நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. மறுநாள் காலை, பொண்ணு மாப்பிள்ளை அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் புறப்படுமுன்னர், அக்கா மகளின் கழுத்தில் கைவைத்துக் கொக்கியைக் கழற்றினார். நான் வாசலில் நின்றேன். சம்பந்திப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலம் தலையைக் குனிந்தவள் வண்டி ஏறும்வரை நிமிரவில்லை. அக்கா அட்டியலை மடியில் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார்.

இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசித் தோட்டத்துச் சனத்தை ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. பேச்சியக்காவுக்கும் மகனுக்கும் இந்தியாவுக்குப் போகப் பயணத் தாள் வந்தது. கமலத்தின் புருசன் இலங்கைப் பிரஜை, அதனால் அவள் இங்கேதான். தோட்டத்தில் கணக்கு முடித்துக் கொடுத்த காசை எடுக்க அக்கா வங்கிக்கு வந்தார். அன்று வியாழன். சனிக்கிழமை காலை ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், பயணம். நான் காசைக் கொடுத்ததும் அவர் போகாமல் நின்றார்.

"தம்பி, மொதலாளி கடைக்கு ஒரு எட்டு என்கூட வாங்க. கமலத்துக்கு அந்த அட்டியல நான் கட்டிவிடணும். கழட்டுன கையாலேயே கட்டிவிட்டுட்டுத்தான் கோச்சி ஏறணும். இந்தச் சென்மத்துல அவள இன்னொருக்காப் பாப்பேனான்னு தெரியாது."

முதலாளி எங்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் வரவழைத்தார். அசலையும் அந்த மாத வட்டியையும் எண்ணி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகுதான், அட்டியல் இப்போது கையில் இல்லை என்றார். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாளைக்குக் கலியாணமாம். பெண் வீட்டுக்காரர் அப்புத்தளைக் கடைக்கு வந்து நகை கேட்டாராம். வாடகைக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"திங்கக்கெழம வந்துரும். அட்டியல் எங்க போயிரப் போவுது? மகள அனுப்பி வாங்கிக்கங்க" என்றார். ஒளிவு மறைவே இல்லை. தான் செய்த தர்மத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

பதுளைக் கடையில் அடகு வைத்த நகையை அப்புத்தளையில் வாடகைக்கு விடுவது. அப்புத்தளை நகையைப் பசறைப் பக்கம் விடுவது. யார் நகையை யார் அடையாளம் காண? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தாலாவது புண்ணியம் என்று ஒன்று மிஞ்சும். இவர் அதற்கும் காசு வாங்கியிருக்கிறார். வட்டி ஒரு பக்கம், வாடகை இன்னொரு பக்கம், அடகு வைத்தவளுக்குத் தீபாவளிக்கு ரவிக்கைத் துணி. நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. முதலாளி சிரித்தபடி, தம்பிக்குச் சின்ன வயது என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கலியாண வீடு எந்தத் தோட்டம் என்று கேட்டு வாங்கினார்.

மறுநாள் நான் லீவு போட்டேன். இரண்டு பஸ் மாறி ஹல்துமுல்லைக்குப் போய், அங்கிருந்து தேயிலைக்குள் நடந்தோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். பெண் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, உடனே கழற்றி வாங்கிவிட வேண்டும் என்றேன். லயத்து முன்னால் பந்தல் போட்டிருந்தது. நாங்கள் போகும்போது பொண்ணு மணவறைக்கு வந்துவிட்டாள். கழுத்தில் அட்டியல். நடுவில் அரக்கு அடைத்த குழி. அக்கா அதைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் முன்னால் போகக் காலெடுத்தேன். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"தாலி ஏறுற நேரத்துல ஒரு பொண்ணு கழுத்த வெறுங்கழுத்தாக்கக் கூடாது தம்பி. என் மகளுக்கு நான் பண்ணுனது போதும்."

சண்டை பிடிக்க வந்த என்னையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். தெரியாத வீட்டில், தன் சொந்த நகை எதிரே மின்ன, அவர் சோறு பிசைந்து சாப்பிட்டார். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. பொறுமை பொறுமை என்று இவர்கள் பொறுத்ததால்தானே முதலாளி மாடி வீடு கட்டினார்?

பந்தி முடிந்ததும் பெண்ணின் தாயாரைத் தேடிப் போய் அக்கா பேசினார். பாக்கியம் என்று பேர். அவரும் கொழுந்துக்காரிதான். அக்கா அதட்டவில்லை, அழவும் இல்லை. இது என் அம்மா போட்டது, நாளைக்குக் காலை நான் இந்தியா போகிறேன் என்று மட்டும் சொன்னார். பாக்கியம் முதலில் நம்பவில்லை. முதலாளியின் நகை என்றல்லவா வாங்கி வந்தோம் என்றார். அக்கா அட்டியலின் பின்பக்கத்தில் எந்த வளையத்தில் நூல் சுற்றியிருக்கும் என்று சொன்னார். பாக்கியம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன் வெறுங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பொண்ணு இன்னிக்கு ராத்திரி மாப்புள வீட்டுக்குப் போவணும். காலைல கோச்சி அப்புத்தளைக்கு வரும்ல? நான் கொண்டாறேன்" என்றார்.

இரவல் வாங்கியவர் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும், எப்படிக் கொண்டுவருவார் என்று நான் நம்பவேயில்லை. திரும்பும் வழியெல்லாம் அக்காவைக் கடிந்துகொண்டே வந்தேன். பதுளைக்குப் போகும் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு நான் அப்புத்தளையில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன்.

காலையில் அப்புத்தளை ஸ்டேஷன் மேடை முழுக்கப் பனியும் சனமும். இந்தியா போகிறவர்களை வழியனுப்ப ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. கமலம் கைப்பிள்ளையோடு நின்றாள். கோச்சி வந்து நின்றதும் அழுகை கூரையை முட்டியது. பேச்சியக்கா ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டு மகளைப் பிடித்துக்கொண்டார். நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்ட் பச்சைக்கொடியைக் கையில் எடுத்த நேரத்தில் பாக்கியம் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் கலியாணச் சேலையோடேயே வந்திருந்தார். மடியிலிருந்து அட்டியலை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். அக்கா கமலத்தைத் திரும்பி நிற்கச் சொன்னார். குளிரில் கொக்கி மாட்டவில்லை. மூன்றாம் தரம் மாட்டியது.

கோச்சி ஒரு தரம் குலுங்கியது. அக்கா கண்ணைத் துடைக்காமலேயே என்னைக் கூப்பிட்டார்.

"எத்தன கலியாணத்துக்குப் போய் வந்துச்சோ இது. அத்தனைக்கும் வாடக வாங்கியிருக்கான்ல? அது யாரு காசு தம்பி?"

"ஒங்க காசு அக்கா."

"அப்பக் கேட்டு வாங்கி எம் மககிட்டக் குடுங்க."

அதுவரை அக்காவின் வாயில் மரியாதையாக 'அவரு' என்றே வந்த முதலாளி, அன்றைக்குத்தான் 'அவன்' ஆனார். என் பேர்க் கணக்கு வருடக் கணக்கில் செய்யாததை ஒரு கலியாணப் பந்தல் ஒரே நாளில் செய்துவிட்டது.

அந்தக் காசைக் கேட்கப் போனதால் எனக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகைக் காசில் ஒரு சதம்கூடக் கமலத்துக்குக் கிடைக்கவில்லை. முதலாளி எங்கள் வங்கியில் பெரிய வைப்புக் கணக்கு வைத்திருந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களிடம் வரும் ஏழைகளுக்கு வட்டியைப் பற்றி நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர்களிடம் பிடுங்கிய வட்டி எங்கள் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது. அவர் முறையிட்டார். சிவக்கொழுந்து என்னைக் கூப்பிட்டு, "நீர் கேட்டது சரி. வேலை நேரத்திலை கடைக்குப் போய்க் கேட்டது பிழை" என்று சொல்லி, மொனராகலைக்கு மாற்றக் கடிதத்தை நீட்டினார். சரியென்று தெரிந்தும் கையெழுத்துப் போட்ட அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று. அந்த வாரத்திலிருந்து அடகு வைத்த எவர் வந்து கேட்டாலும் சிவக்கொழுந்து பெட்டகத்தைத் திறந்து, அரக்கில் அவரவர் விரல் பதிந்த பையை எடுத்து வந்து காட்டினார் என்று கேள்விப்பட்டேன். அதற்குச் சுற்றுநிருபம் ஏதும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இனி அந்தத் திங்கட்கிழமை. சம்பளத்துக்கு மறுநாள். முதலாளியின் பதுளைக் கடையில் வட்டி கட்ட வந்த பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். இரவல் வாங்கிய அட்டியலுக்குப் பதில் சொல்ல எனக்கு முன்னால் பாக்கியம் வந்து மூலையில் நின்றிருந்தார். நான் உள்ளே போய், பேச்சியம்மாவின் அட்டியலை எத்தனை கலியாணத்துக்கு வாடகைக்கு விட்டீர்கள், அந்தக் காசு அவருடையது, எடுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். முதலாளி கோபப்படவில்லை.

"இரும்புப் பெட்டிக்குள்ள சும்மா கெடந்தா யாருக்குத் தம்பி லாபம்? நாலு ஏழப் பொண்ணுங்க கழுத்துல கெடந்தாப் புண்ணியம்தானே? நான் யாருகிட்டயாவது அசலக் கேட்டு நெருக்கியிருக்கேனா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

கூட்டம் அவருக்காகத் தலையாட்டியது. சாமி சத்தியமாகத் தலையாட்டியது. ஒரு கிழவி, மொதலாளியை எதிர்த்துப் பேசாதே தம்பி என்று என்னை அதட்டினாள். நான் பேர்க் கணக்கைத் தொண்டை கிழியச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அவமானமும் ஆத்திரமுமாக வெளியே போகத் திரும்பினேன்.

அப்போது மூலையிலிருந்து பாக்கியம் பேசினார். சத்தம் போடவில்லை.

"மொதலாளி, என் காப்பு ரெண்டும் ஒங்க அப்புத்தளைக் கடையில இருக்கு. இப்ப அது யாரு கையில கெடக்கு?"

பத்திரமாக இருக்கிறது என்றார் முதலாளி. வரிசையில் நின்ற பெண்ணொருத்தி பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள். பசறைப் பக்கத்துக்காரி.

"ஒரு காப்புல திருகு வளஞ்சிருக்குமா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. எம் மக பல்லு மொளைக்கையில கடிச்சு வளச்சது."

"போன மாசம் எம் மக கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். திருகு வளஞ்சு, மாட்டவே கஸ்டமா இருந்துச்சு."

வட்டிக் காசை நீட்டியபடி நின்ற கிழவி, என்னை அதட்டிய அதே கிழவி, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என் காதுத் தோட்ட எடுத்துக் காட்டுங்க மொதலாளி" என்றாள்.